9 மில்லிமீட்டர் புள்ளியும் இரண்டு வருடமும்

இதில் வருகிறவர் தென்காசி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் என்னோடு இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். என்னைவிட நான்கு வயது இளையவர். பெயர் வேண்டாம் என்றார். ஆனால் எழுதுங்கள், நம்மோடு ஓய்வு வாங்கினவர்கள் படித்தால் நல்லது என்று சொன்னதும் அவர்தான். வேலையில் அவரை நான் கூப்பிட்டது 'தம்பி' என்று. இங்கும் அப்படியே இருக்கட்டும்.

53 வயதில் விருப்ப ஓய்வு. 54 வயதில் வலது நுரையீரலில் 9 மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு புள்ளி. அது இன்னதென்று தெரிய இரண்டு வருடம் ஆயிற்று. அந்த இரண்டு வருடத்தில் முதல் மூன்று மாதத்தைத் தம்பி முழுசாகத் தொலைத்தார். மீதி இருபத்தோரு மாதம் நன்றாகவே வாழ்ந்தார். உள்ளே இருந்த புள்ளி என்னவோ அப்போதும் இப்போதும் அதே அளவுதான். நடுவில் எது மாறியது என்பதைத்தான் பக்கத்தில் இருந்து பார்த்தவனாக எழுதுகிறேன்.

ஓய்வு வந்த விதம்

2019 அக்டோபர் 23 அன்று மத்திய அமைச்சரவை பி.எஸ்.என்.எல்., எம்.டி.என்.எல். சீரமைப்புக்கு ஒப்புதல் கொடுத்தது. அதில் விருப்ப ஓய்வும் ஒன்று. 50 வயது நிறைந்தவர்கள் நவம்பர் 4 முதல் டிசம்பர் 3 வரை விருப்பம் தெரிவிக்கலாம். முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 35 நாள் சம்பளம், 60 வயதுக்கு மீதமிருக்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் 25 நாள் சம்பளம் என்று கருணைத்தொகை கணக்கு. பி.எஸ்.என்.எல்.லில் மட்டும் 78,569 பேர் எழுதிக் கொடுத்தோம். 2020 ஜனவரி 31 அன்று அத்தனை பேரும் ஒரே நாளில் வெளியே வந்தோம். தென்காசி தனி மாவட்டமானதும் அந்த நவம்பரில்தான். ஊரெல்லாம் புது மாவட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, நாங்கள் ஆளுக்கொரு காகிதத்தில் சம்பளத்தை 35-ஆல் பெருக்கிக்கொண்டிருந்தோம்.

தம்பி எழுதிக் கொடுத்ததற்குக் காரணம் பணம் இல்லை. அவருடைய அப்பா தபால் துறையில் இருந்தவர். 58-இல் ஓய்வு பெற்று 59-இல் போய்விட்டார். "எங்கப்பா ஓய்வுன்னு அனுபவிச்சது பதினோரு மாசம் அண்ணாச்சி. நான் கொஞ்சம் முந்திக்கிடுதேன்" என்றார். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் நடந்ததில் பாதி இந்தப் பேச்சிலேயே இருக்கிறது.

கடைசி நாள் சாயங்காலம், வெளிக் கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் எம்.டி.எஃப். அறைக்குள் போனவரை வெகு நேரம் காணோம். உள்ளே போய்ப் பார்த்தேன். பிரேமில் அவர் கையால் போட்ட ஜம்பர் வயர்களை விரலால் நீவிக்கொண்டு நின்றார். 1988-இல் வேலைக்கு வந்தவர். பேப்பர் கேபிள் காலத்திலிருந்து ஜெல்லி கேபிள், ஃபைபர் வரை பார்த்தாயிற்று. ஒன்றும் பேசாமல் விளக்கை அணைத்துவிட்டு வந்தோம்.

என்ன செய்யப்போகிறோம் என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை. இலஞ்சிப் பக்கம் முப்பது சென்ட் இடம், அதில் பன்னிரண்டு தென்னை. சீசன் வந்தால் விடியற்காலையில் குற்றாலம் மெயின் அருவியில் குளியல். அப்புறம் ரேடியோ. அப்பா விட்டுப்போன மர்பி வால்வு ரேடியோ ஒன்று பரணில் கிடந்தது. அதைப் பாட வைக்க வேண்டும் என்பது அவருக்கு முப்பது வருட ஆசை. ஓய்வு பெற்று இரண்டே மாதத்தில் ஊரடங்கு வந்தது. அருவியில் குளிக்கத் தடை. மற்றவர்கள் வீட்டுக்குள் புழுங்கிக் கிடக்க, தம்பி டயல் நூலை மாற்றி, பொரிந்துபோன கண்டென்சர்களைக் கழற்றிப் புதுசு வைத்து, ஒரு ராத்திரி அந்தப் பெட்டியில் திருநெல்வேலி நிலையத்தைப் பிடித்துவிட்டார். போனை ரேடியோ பக்கத்தில் வைத்து எனக்குக் கேட்கக் கொடுத்தார். பிறகு தெருவில் பழைய ரேடியோ வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கூலி வாங்கமாட்டார். 2021 ஏப்ரலில் அவர் வீட்டுத் திண்ணையில் ஒன்பது ரேடியோ இருந்தன.

படத்தில் வந்த புள்ளி

2021 மே. இரண்டாவது அலை. தம்பிக்குக் காய்ச்சல், இருமல், பரிசோதனையில் கொரோனா. மூச்சுத் திணறல் இல்லை. இருந்தாலும் அந்த நாட்களில் எல்லோரும் ஓடியதுபோல அவரும் நெஞ்சுக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தார். லேசான தொற்றுக்கு சி.டி. தேவையில்லை என்று எய்ம்ஸ் இயக்குநராக இருந்த ரந்தீப் குலேரியா அந்த மாதத் தொடக்கத்திலேயே எச்சரித்திருந்தார். அதைக் காதில் வாங்கும் நிலையில் அன்று யாரும் இல்லை. எல்லோருக்கும் வேண்டியது ஒரே ஒரு எண்தான், நுரையீரலில் தொற்று எவ்வளவு பரவியிருக்கிறது என்று சொல்லும் சி.டி. ஸ்கோர். தம்பிக்கு 25-க்கு 6. வீட்டில் இருந்தே குணமானார்.

அறிக்கையின் கடைசியில் ஒரு வரி இருந்தது. வலது மேல் மடலில் 9 மில்லிமீட்டர் அளவில் திடமான நாட்யூல், தொடர்ந்து கவனிக்கவும். ஸ்கோரை மட்டும் பார்த்துவிட்டு எல்லோரும் அறிக்கையை மடித்து வைத்துவிட்டார்கள். காய்ச்சல் விட்ட பிறகு சும்மா படுத்திருந்த தம்பி அதை எடுத்து முழுசாகப் படித்தார்.

நாட்யூல் என்றால் நுரையீரலுக்குள் உருண்டையாகத் தெரியும் சிறு முடிச்சு. 3 சென்டிமீட்டருக்குள் இருப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அதற்குமேல் போனால் கட்டி. பழைய தழும்பு, ஆறிப்போன காசநோய், பூஞ்சைத் தொற்று, புற்று என்று எதுவாகவும் இருக்கலாம். இதெல்லாம் பின்னால் டாக்டர் சொல்லித் தெரிந்தது. அன்று தம்பி கேட்டது கூகுளை. கூகுள் முதலில் காட்டியது புற்றுநோய். தம்பி பதினாறு வருடம் பீடி, சிகரெட் பிடித்தவர். 2004-இல் விட்டுவிட்டார். விட்டதை எவ்வளவோ பெருமையாகச் சொல்லுவார். அந்த ராத்திரியிலிருந்து பிடித்த பதினாறு வருடத்தை மட்டும்தான் எண்ணிக்கொண்டிருந்தார்.

பதினோரு நாள்

யாரிடமும் சொல்லவில்லை. பதினோராவது நாள் தென்னந்தோப்பில் வைத்து என்னிடம் சொன்னார். தேங்காய் வெட்டு முடிந்து கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தோம். குரல் மாறாமல், "அண்ணாச்சி, எனக்கு நெஞ்சுல ஒரு கட்டி இருக்கு" என்றார்.

நான் சொன்ன பதிலை இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். "அட, ஒண்ணும் இருக்காது தம்பி" என்றேன். அக்கறையில் சொன்னதுதான். ஆனால் அவர் முகம் அப்படியே மூடிக்கொண்டது. ஒன்றும் இருக்காது என்று எனக்கு எப்படித் தெரியும்? பதினோரு நாள் தூக்கமில்லாமல் சுமந்ததை ஒரு மனிதர் இறக்கி வைக்கிறார், நான் ஒரே வார்த்தையில் அதைத் திரும்பவும் அவர் தலையிலேயே ஏற்றிவிட்டேன். பிறகு வெகு நேரம் சும்மா இருந்துவிட்டு, "அறிக்கையைக் காட்டு, சேர்ந்து படிப்போம். தங்கச்சிக்கு இன்னைக்கே சொல்லு" என்றேன். முதலிலேயே அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

அன்று இரவு அவர் மனைவியிடம் சொன்னார். அந்த அம்மா அழவில்லை. பீரோவைத் திறந்து, சேலைக்கு அடியில் இருந்த மடித்த காகிதத்தை எடுத்தார். அதே அறிக்கைதான், ஜெராக்ஸ்.

"உங்களுக்குக் காய்ச்சல் விட்ட மூணாம் நாளே நான் இதப் பாத்துட்டேன். ராத்திரி ரெண்டு மணிக்கு நீங்க போனப் பாத்துக்கிட்டு இருக்கதையும் பாத்தேன். நீங்களா சொல்லுவீங்கன்னு எட்டு நாளாக் காத்துக்கிட்டு இருந்தேன்."

ஒரே வீட்டில், ஒரே பயத்தை, ஆளுக்கொரு மூலையில் வைத்துக்கொண்டு எட்டு நாள். தம்பி இதை என்னிடம் சொல்லும்போதுதான் முதல் தடவையாக அவர் குரல் உடைந்தது.

டாக்டரம்மா போட்ட வட்டங்கள்

முதலில் பார்த்த மருத்துவர், பெட் ஸ்கேன் எடுத்து ஊசி வழியாகத் திசுவும் எடுத்துவிடலாம், உடனே செய்யுங்கள் என்றார். தப்பான யோசனை இல்லை. ஆனால் எதனால், வேறு வழி உண்டா என்று விளக்கிச் சொல்ல அவருக்கு நேரம் இல்லை. கொரோனா உச்சம், வெளியே அறுபது பேர். இன்னொருவரிடமும் கேட்போம் என்று திருநெல்வேலியில் நுரையீரல் மருத்துவர் ஒருவரைப் பார்க்கப் போனோம். அந்த டாக்டரம்மா அரை மணி நேரம் கொடுத்தார். இந்த விவகாரத்தில் எங்களுக்குக் கிடைத்த பெரிய உதவி அந்த அரை மணி நேரம்தான்.

முதலில் கேட்டது பழைய எக்ஸ்ரே. 2009-இல் குடலிறக்க அறுவைக்கு முன்னால் எடுத்த படம் ஒன்று எங்கோ இருந்தது. மறுநாள் வீட்டைக் கவிழ்த்துத் தேடி எடுத்தோம். இவ்வளவு சின்னப் புள்ளி அதில் தெளிவாகத் தெரியவில்லை. அதே காலத்து சி.டி. இருந்திருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும் என்றார். சளிப் பரிசோதனையில் காசநோய்க் கிருமி இல்லை. காசநோய்ச் சோதனைக்காகக் கையில் போட்ட மாண்டூ ஊசி நன்றாகத் தடித்தது. நம் நாட்டில் பெரியவர்கள் நிறையப் பேருக்கு அது தடிக்கும், எப்போதோ கிருமி உள்ளே வந்து போயிருக்கிறது என்பதற்குமேல் அதற்கு அர்த்தம் இல்லையாம். உலகத்துக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில்தான் இருக்கிறார். பெட் ஸ்கேன் விஷயத்திலும் இதே சிக்கல். சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் இடம் அதில் பளிச்சென்று தெரியும். புற்றும் இழுக்கும், காசநோய் விட்டுப்போன முடிச்சும் இழுக்கும். ஊசி வழியாகத் திசு எடுப்பதில் நுரையீரலிலிருந்து காற்றுக் கசியும் ஆபத்து கொஞ்சம் உண்டு.

பிறகு மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் இரண்டு வட்டம் போட்டார். ஒன்று 9, இன்னொன்று 11.3. பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் உருண்டையின் விட்டம் கால் பங்கு கூடினாலே கன அளவு இரண்டு மடங்கு ஆகிவிடும். இந்த மாதிரித் திடமான முடிச்சு புற்றாக இருந்தால், இரண்டு மடங்காகப் பெரும்பாலும் 400 நாளுக்குள்தான் எடுத்துக்கொள்ளும். சில வாரத்திலேயே இரண்டு மடங்கானால் தொற்றாக இருக்கும். இரண்டு வருடம் அசையாமல் இருந்தால் தொந்தரவில்லாதது. 8 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட திட முடிச்சுக்கு மூன்று மாதத்தில் மறு சி.டி., இல்லாவிட்டால் பெட், இல்லாவிட்டால் திசு என்று மூன்று வழியையும் நெஞ்சுப் படங்களைப் பார்க்கும் மருத்துவர்களின் ஃபிளைஷ்னர் சங்கம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டல் சொல்கிறது. விளிம்பு வழுவழுப்பாக இருக்கிறது, இப்போதுதான் கொரோனா வந்து போயிருக்கிறது, அதனால் மூன்று மாதம் பொறுப்போம் என்பது டாக்டரம்மாவின் முடிவு.

தம்பி அந்த வட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "மெகர் போட்டுப் பாக்காம ரோட்டத் தோண்டக் கூடாதும்பாங்க எங்க வேலையில. அது மாதிரிதானம்மா?" என்று கேட்டார். டாக்டரம்மாவுக்கு மெகர் என்னவென்று தெரியவில்லை. கேபிளில் இன்சுலேஷன் குறைந்திருக்கிறதா என்று அளக்கும் கருவி என்று நான் விளக்கினேன். "ஆமா, அதேதான்" என்றார்.

தொலைந்த மூன்று மாதம்

புரிந்துகொண்டு வந்தவர் நிம்மதியாக இருந்திருப்பார் என்று நினைப்பீர்கள். இல்லை. அறிவுக்குப் புரிந்தது, ராத்திரிக்குப் புரியவில்லை.

திண்ணையில் இருந்த ஒன்பது ரேடியோவையும் அப்படி அப்படியே திருப்பிக் கொடுத்தார். இரண்டு இன்னும் முடியவில்லை, பின்பக்க அட்டைகூட மாட்டவில்லை. தோப்புக்குப் போவது நின்றது. இருமல் வருகிறதா என்று பார்ப்பதற்காகவே இருமிப் பார்ப்பார். எடை பார்க்கும் கருவி ஒன்று வாங்கி காலையும் மாலையும் ஏறினார். அரைக் கிலோ குறைந்தால் அன்று சாப்பாடு இறங்காது, சாப்பிடாததால் மறுநாள் இன்னும் குறையும். "எங்கப்பாவுக்குப் பதினோரு மாசம் கிடைச்சுது. எனக்குப் பதினஞ்சு" என்றார் ஒருநாள். ஓய்வு பெற்று வந்த மாதங்களை எண்ணியிருக்கிறார்.

அந்த மூன்று மாதத்தில் நடந்த ஒரே நல்ல காரியம் காகித வேலை. ஓய்வூதிய ஆணையில் மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் சரியாக இருக்கிறதா, வங்கிக் கணக்கு இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறதா, வாரிசு நியமனம் எல்லாம் முடிந்ததா என்று உட்கார்ந்து பார்த்தோம். ஓய்வுக்குப் பின் மருத்துவத்துக்கு நிறுவனத் திட்டமா, மத்திய அரசு சுகாதாரத் திட்டமா என்று தேர்ந்தெடுக்க வேண்டியதை ஒன்றரை வருடமாகத் தள்ளிப் போட்டிருந்தார். அதையும் முடித்தோம். ஓய்வு பெற்ற முதல் மாதத்திலேயே, உடம்பு நன்றாக இருக்கும்போதே செய்திருக்க வேண்டியது இது. பயத்தில் செய்யும்போது ஒவ்வொரு கையெழுத்தும் உயில் எழுதுவதுபோல இருக்கிறது.

ஜூலைக் கடைசியில் ஒரு காரியம் செய்யப் பார்த்தார். தோப்பை விற்க தரகரிடம் சொல்லிவிட்டார். மகளுக்கு உடனே கல்யாணத்தை முடித்துவிட வேண்டுமாம். மகள் அப்போது முதுகலை கடைசி வருடம். பணத்துக்கு முடையும் இல்லை. ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை மொத்தத் தொகையாக முன்கூட்டியே பெறுவது 60 வயதுக்கு மேல்தான் என்றாலும், கருணைத்தொகை வங்கியில் இருந்தது. வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் என்று வியாழக்கிழமை ராத்திரி அவர் மனைவி எனக்குப் போன் செய்தார். "அண்ணாச்சி, அவரு தென்னைய விக்கல, அவரையே வித்துக்கிட்டு இருக்காரு. வாங்க" என்றார்.

போனேன். விற்காதே என்று நான் சொல்லவில்லை. "ஸ்கேன் ஆகஸ்ட் 30. அட்வான்ஸ செப்டம்பர் 1-க்குத் தள்ளி வைப்போம். நிலம் எங்கயும் ஓடிராது" என்றேன். ஒத்துக்கொண்டார். முடிவு தெரியாத நேரத்தில் திரும்பப் பெற முடியாத காரியம் எதையும் செய்யக் கூடாது என்பதை நான் கற்றுக்கொண்டது அந்த வாசலில்தான்.

ஆகஸ்ட் 30. அதே 9 மில்லிமீட்டர். கூடவில்லை, குறையவும் இல்லை.

டாக்டரம்மாவிடம் கேட்ட கேள்வி

சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தோம். தம்பி கேட்டது, "அப்ப அது இல்லைன்னு ஆயிட்டாம்மா?" என்று. இன்னும் ஆகவில்லை, அடுத்த படம் 2022 மே மாதம், அதற்கடுத்தது 2023 மே என்றார் டாக்டரம்மா. இருபத்தோரு மாதம். தம்பியின் முகம் தொங்கிவிட்டது.

அப்போது அவர் மனைவி கேட்டார்: "இந்த ஒம்பது மாசமும் இவரு என்னென்ன செய்யக் கூடாது டாக்டர்?"

நாங்கள் அதுவரை கேட்காத கேள்வி. இது என்னவாக இருக்கும், எத்தனை சதவீதம் என்றேதான் கேட்டுக்கொண்டிருந்தோம். டாக்டரம்மா சிரித்துவிட்டு, செய்யக் கூடாதது சிகரெட் ஒன்றுதான் என்றார். "குளிங்க, சாப்பிடுங்க, ஊருக்குப் போங்க, மரம் ஏறத் தெரிஞ்சா ஏறுங்க. சளியில ரத்தம் வந்தா, காரணமில்லாம எடை குறைஞ்சா, இருமல் மூணு வாரத்துக்கு மேல நின்னா, தேதி பாக்காம அன்னைக்கே வாங்க. அதுவரைக்கும் இதப் பாக்குறது என் வேலை, உங்க வேலை இல்ல."

எல்லாம் மாறியது இந்தப் பேச்சில்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். என்ன நடந்தால் ஓடி வர வேண்டும் என்று மூன்றே அறிகுறி கையில் கிடைத்துவிட்டது. அவை இல்லாத நாளெல்லாம் அவருடைய நாள். வரும் வழியில் ஆலங்குளம் தாண்டிக் காற்றாலைகள் சுழல்வதைப் பார்த்துக்கொண்டே வந்தவர், பாவூர்சத்திரத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி டீ குடித்தார். மூன்று மாதத்தில் அவராகக் கேட்டுக் குடித்த முதல் டீ அதுதான்.

வீட்டில் அவர் மனைவி இரண்டு ஏற்பாடு செய்தார். படங்கள், ஸ்கேன் பதிந்த சிடி தகடு, அறிக்கை எல்லாம் ஒரு ஃபைலில் போட்டு அவர் பீரோவுக்குள் போயிற்று. "தேதி வந்தா நான் தாரேன். நடுவுல கேக்கப்பிடாது." எடைக் கருவியை எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். மாதம் ஒருமுறை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். பயத்தையே படக் கூடாது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. பயப்படுவதற்கு ஸ்கேனுக்கு முந்தின வாரம் இருக்கிறது, அப்போது எல்லோரும் சேர்ந்து பயப்படுவோம் என்று பேசிக்கொண்டோம்.

டிசம்பரில் அருவிகளில் குளிக்க மறுபடி அனுமதித்தார்கள். இரண்டாம் நாளே விடியற்காலையில் என்னை எழுப்பிவிட்டார். மெயின் அருவியில் தண்ணீர் நன்றாக விழுந்தது. பொதிகைக் காற்றில் பல் கிட்டித்தது. தம்பி சட்டையைக் கழற்றிவிட்டு நேரே போய் அருவிக்கு அடியில் நின்றார். நெஞ்சிலும் முதுகிலும் தண்ணீர் அடிக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார், மேல் மூச்சு கீழ் மூச்சு வாங்குகிறது. கால் மணி நேரம் கழித்து வந்து துவட்டிக்கொண்டே, "உள்ள இருக்கதும் என்னோட சேந்து குளிச்சிட்டு அண்ணாச்சி" என்றார். அதைத் தூக்கி எறிய வேண்டும் என்ற தவிப்பு அதற்குப் பிறகு அவரிடம் நான் பார்க்கவில்லை.

ரேடியோக்கள் திண்ணைக்குத் திரும்பி வந்தன. தோப்பில் ஊடுபயிராக வாழை வைத்தார். தரகர் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

ஒரு மில்லிமீட்டர்

2022 மே மாதத்துப் படத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இங்கேதான் விழுகிறார்கள். அறிக்கையில் 10 மில்லிமீட்டர் என்று இருந்தது.

டாக்டரம்மா ஊரில் இல்லை, மூன்று நாள் கழித்துத்தான் பார்க்க முடியும். அந்த மூன்று நாளும் பழைய மூன்று மாதம் மாதிரியே போயிற்று. ஒரே ஒரு வித்தியாசம், இந்தத் தடவை அவர் தனியாக இல்லை. மகள், மனைவி, நான், எல்லோரும் திண்ணையில். தூக்கம் வராததால் ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு பிலிப்ஸ் ரேடியோவைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மகள் டார்ச் பிடித்தாள்.

டாக்டரம்மா வந்ததும் அறிக்கையைப் படிக்கவே இல்லை. மூன்று சிடி தகட்டையும் கேட்டு வாங்கி, கணினியில் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, தானே அளந்தார். மூன்றிலும் ஒரே அளவு. இந்தத் தடவை அறிக்கை எழுதியவர் வேறொரு மருத்துவர், குறுக்கே கொஞ்சம் சாய்த்து அளந்திருக்கிறார். இரண்டு மில்லிமீட்டராவது கூடினால்தான் வளர்ச்சி என்று எடுப்பார்களாம். ஒரு மில்லிமீட்டர் அளக்கிற கைக்குக் கை மாறும். ஆகவே அறிக்கைக் காகிதம் போதாது, படம் இருக்கும் சிடி தகட்டைப் பத்திரமாக வைக்க வேண்டும். முடிந்தவரை ஒரே இடத்தில், மெல்லிய அடுக்குகளாக எடுக்கச் சொல்ல வேண்டும். மறு படங்களைக் குறைந்த கதிர்வீச்சில் எடுக்கலாம், வழக்கமான நெஞ்சு சி.டி.க்கு ஆவதில் ஒரு சின்னப் பங்குதான் ஆகும். இதைக் கேட்டு வாங்க வேண்டியது நாம்தான்.

அன்றைக்கு நான் ஒரு கேள்வி கேட்டேன். இந்தப் படத்தை எடுக்காமலே இருந்திருந்தால்? டாக்டரம்மா மழுப்பவில்லை. அமெரிக்காவில் அதிகம் புகைபிடித்த 53,454 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2011-இல் வெளிவந்தது. குறைந்த கதிர்வீச்சு சி.டி. எடுத்தவர்களில் நுரையீரல் புற்றால் ஏற்பட்ட சாவு 20 சதவீதம் குறைந்தது. அதே ஆய்வில், சந்தேகம் என்று சொல்லப்பட்ட படங்களில் 96 சதவீதத்துக்கு மேல் கடைசியில் புற்று இல்லை. இரண்டும் உண்மை. புகைபிடித்து விட்டவருக்கு இப்படிப் பார்த்துக்கொள்வதில் பயன் உண்டு, ஆனால் பயத்துக்கு ஒரு விலையும் உண்டு என்றார். தம்பி கொடுத்த விலையில் பெரும்பகுதி, யாரும் உட்கார்ந்து விளக்காத அந்த முதல் நாட்களுக்கானது என்பது என் எண்ணம். அறிக்கையின் கடைசி வரியை ஒருவர் அவர் முகத்தைப் பார்த்து ஐந்து நிமிடம் விளக்கியிருந்தால் அந்தப் பதினோரு நாள் வந்திருக்காது.

2023

மகள் படிப்பை முடித்து ஒரு வருடம் வேலையும் பார்த்த பிறகு, 2023 தை மாதம் கல்யாணம். அவள் சரி என்று சொன்ன நாளில், அவள் சரி என்று சொன்ன மாப்பிள்ளையோடு. பந்தியில் போட்ட வாழை இலையும் காயும் தோப்பில் வெட்டியவை. மண்டபத்து வாசலில் மர்பி ரேடியோவை வைத்து நாதஸ்வரம் பாட வைத்தார். நிகழ்ச்சி நேரம் பார்த்து வைத்திருந்தார் போலிருக்கிறது, சரியாக மாப்பிள்ளை அழைப்புக்குப் பாடியது.

மே மாதம் கடைசிப் படம். முந்தின வாரம், பேசிக்கொண்டபடி, எல்லோரும் சேர்ந்து பயப்பட்டோம். ஃபைல் பீரோவிலிருந்து வெளியே வந்தது. டாக்டரம்மா திரையைத் திருப்பிக் காட்டினார். 9 மில்லிமீட்டர். புள்ளியின் நடுவில் இப்போது வெள்ளையாக ஏதோ இருந்தது. சுண்ணாம்பு படிந்திருக்கிறது, நடுமையத்தில் இப்படிப் படிந்தால் அது ஆறிய பழைய முடிச்சு, அநேகமாகச் சின்ன வயதில் வந்துபோன காசநோயின் தழும்பு என்றார். மருந்து வேண்டாம். இனிப் படமும் வேண்டாம். ஃபைலின் கடைசித் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

தம்பி கும்பிட்டார். வெளியே வந்ததும் பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். நான் தள்ளி நின்றுகொண்டேன்.

பிறகு எழுந்து, நேரே ஊருக்குப் போக வேண்டாம், ஜங்ஷன் பக்கம் போய்விட்டுப் போகலாம் என்றார். அங்கே பழைய எலக்ட்ரானிக்ஸ் கடை ஒன்று உண்டு, வால்வு ரேடியோவுக்கு இன்னும் சாமான் கிடைக்கும். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த சீட்டை எடுத்தார். டாக்டரம்மா வட்டம் போட்டுக் கொடுத்த அதே சீட்டு. பின்பக்கம் 9-உம் 11.3-உம் அப்படியே இருக்க, முன்பக்கத்தில் மருந்துப் பெயர்களுக்குக் கீழே வாங்க வேண்டிய கண்டென்சர்களைப் பென்சிலால் எழுதி வைத்திருந்தார்.

"அம்பது மைக்ரோஃபாரட் இருக்கா? முந்நூத்தம்பது வோல்ட்டு" என்று கேட்டார்.

கடைக்காரர் ஏணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.